யார் முன்னால் போவது

பஸ் ஆபீசில் புதிதாக உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு டிரிப் ஷீட் எழுதவோ டீசல் கணக்குப் பார்க்கவோ நான் கற்றுத்தரப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும். லேசில் வராதது வேறு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் ஒரே பொருளுக்கு மல்லுக்கு நிற்பார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். இருவருமே கெட்டிக்காரர்களாகவும் இருப்பார்கள். அப்படியும் இருவரும் சேர்ந்து குழியில் விழுவார்கள். நடுவில் நிற்கிற ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

எனக்கு அப்படி ஒரு நாள் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஆரணியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிராஃபிக் மேனேஜராக இருந்தேன். பதவியின் பெயர்தான் பெரிது. பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு மேஜை, ஒரு சுவர்க் கடிகாரம், வாய் நிறையக் கத்தல், அவ்வளவுதான் வேலை.

எங்கள் வண்டிகளுக்குப் பச்சை வர்ணம். போட்டிக் கம்பெனிக்குச் சிவப்பு. ஊரில் யாரும் கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பச்சை பூட்ச்சா? சிவப்பு வந்துகினு கீதா?" என்றுதான் கேட்பார்கள். காலையில் போளூர், கலசப்பாக்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்துக் கிளம்பும். பர்மிட்டில் உள்ளபடி சிவப்பு முன்னால், பத்து நிமிடம் விட்டுப் பச்சை. சாயங்காலம் திருவண்ணாமலையிலிருந்து திரும்பும்போது அது தலைகீழ். பச்சை முன்னால், சிவப்பு பின்னால்.

முன்னால் போகிற வண்டிக்குத்தான் ஆள் கிடைக்கும். இது உங்களுக்குத் தெரியும். அதனால் சிவப்பு தன் நேரத்துக்குக் கிளம்பாது. எஞ்சினை உறுமவிட்டு, ஓர் அடி முன்னால் ஓர் அடி பின்னால் என்று ஆடிக்கொண்டே எங்கள் ஆட்களையும் சேர்த்து ஏற்றும். அது நகர்ந்த மறு நிமிடம் எங்கள் டிரைவர் கன்னியப்பன் கியரைப் போடுவார். அடுத்த ஊருக்குள் அதற்கு முன்னால் போய் நின்றால்தான் பச்சைக்குப் பிழைப்பு. சாயங்காலம் இதே ஆட்டத்தைப் பச்சை ஆடும், சிவப்பு துரத்தும். வசூலுக்குத் தக்கபடி பேட்டா என்று இரண்டு முதலாளிகளும் வைத்திருந்ததால், யாருக்கும் காலை பிரேக்கில் வைக்க மனம் வராது.

சிவப்பு வண்டியின் டிரைவர் முனுசாமி. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பச்சை பின்னால் நெருங்கியதும் கையை வெளியே நீட்டித் தன் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருப்பிவிடுவார். அதாவது, 'நான் உன்னைப் பார்க்கப் போவதில்லை. நீ எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டேன். உயிர்மேல் ஆசை இருந்தால் நீ ஒதுங்கு.' இது பல மாதம் பலித்தது. பிறகு கன்னியப்பனும் ஒன்று கண்டுபிடித்தார். சிவப்புக்குப் பக்கத்தில் ஏறிப் போகும்போது எங்கள் கண்டக்டர் முன்படியில் தொங்கிக்கொண்டு, முனுசாமியின் காதிலேயே விழுகிற மாதிரி, "எங்க ஆளு பிரேக் போடமாட்டாருயா! நீயே ஒதுங்கிக்கோ!" என்று கத்துவார். இதுவும் பலித்தது.

இரண்டும் ஒரே நாளில் நடந்தபோது அந்த வண்டியில் நானும் இருந்தேன்.

வேலையாகத் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த சீட்டில் சரோஜா டீச்சர். அங்கே ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். முப்பது வயதுகூட இருக்காது. தினமும் பச்சையில்தான் வருவார். எனக்குப் பின்னால் தேவராஜ் என்ற நெசவாளி, மடியில் ஒரு சேலை மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தியாள் கல்யாணத்துக்கு அவரே நெய்த சேலை, அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பஸ் ஏறியிருந்தார்.

கலசப்பாக்கத்துக்கு முன்னால் அந்தக் காலத்தில் ஒரு குறுகலான பாலம் உண்டு. ஒரு பஸ்தான் போக முடியும். அதை நோக்கி இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. நான் எழுந்து நின்று, "கன்னியப்பா, உடுய்யா! அவன் போவட்டும்!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் விடவில்லையோ. முனுசாமி கண்ணாடியைத் திருப்பியாகிவிட்டது. எங்கள் கண்டக்டரும் கத்தியாகிவிட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் எங்கள் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது.

கடைசி நொடியில் கன்னியப்பன் வலது பக்கம் ஒடித்தார். வண்டி சாலையை விட்டு இறங்கி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லைக்குள் துள்ளித் துள்ளி ஓடி, சாய்ந்தபடி நின்றது. செடிகளும் மண்ணும் ஜன்னல் வழியே உள்ளே கொட்டின. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

யாரும் சாகவில்லை. தேவராஜுக்கு மட்டும் இடது கை முறிந்துவிட்டது. அவர் மூட்டையை வலது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, "சேலைக்கு ஒண்ணும் ஆவல. சேலைக்கு ஒண்ணும் ஆவலீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நெசவாளிக்குக் கை என்றால் என்ன என்று ஆரணிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவரை ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்தேன். சரோஜா டீச்சர் வரப்பில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ரெண்டு பேரும் பைத்தியக்காரனுங்க டீச்சர். ரெண்டு பேர் லைசென்சையும் புடுங்கணும்" என்றேன்.

"இல்ல சார்," என்றார் அவர். பேச்சு தெளிவாக இருந்தது. "ரெண்டு பேருமே சரியாத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. ஆட்டம்தான் தப்பு."

"இன்னா சொல்றீங்க?"

அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஒரு கட்டம் போட்டு, அதை நான்காகப் பிரித்தார். "கணக்குல கேம் தியரின்னு ஒண்ணு கீது சார். இங்க பாருங்க. நீங்க ஒதுங்கி அவர் ஒதுங்காட்டி, லாபம் அவருக்கு. அவர் ஒதுங்கி நீங்க ஒதுங்காட்டி, லாபம் உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒதுங்கினா பரவாயில்ல. ரெண்டு பேரும் ஒதுங்காட்டி, இதோ, மல்லாட்டைக் கொல்லை." கடைசிக் கட்டத்தில் குச்சியைக் குத்தினார். "எதிராளி பயந்து ஒதுங்குவான்னு ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இருக்கிற வரைக்கும், டிரைவரை மாத்தினாலும் புதுசா வர்றவரும் இதைத்தான் செய்வார்."

"அப்போ வழி?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் பாடம் நடத்தறேன், பஸ் ஓட்டல. ஆனா ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆட்டத்தோட விதியை மாத்தணும்."

எனக்கு அன்று அது முழுதாகப் புரியவில்லை. ஒரு வாரத்தில் புரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு முதலாளிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இனிமேல் நேரத்துக்கு எடுப்போம், முந்த மாட்டோம் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் சிவப்பு கொஞ்சம் தாமதித்தது. நான்காம் நாள் பச்சை பறந்தது. அதற்கப்புறம் பழைய கதைதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, கவனியுங்கள். அந்தச் சத்தியத்தை இரண்டு பேருமே மனதாரத்தான் செய்தார்கள். ஆனால் அதைக் காப்பாற்றுகிறவனுக்கு நஷ்டம், மீறுகிறவனுக்கு லாபம். 'நான் ஒழுங்காக இருந்து அவன் ஏமாற்றிவிட்டால்?' என்ற பயம் இருவரையும் தின்றது. ஆளின் நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கிற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மீறினால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவராஜைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்றிருந்தார். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளத்துக்கு ஓடுகிற பட்டு நூலெல்லாம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கழிகளின் மேல் விறைப்பாக நிற்கும். நூலைச் சீர் பண்ணி முடிக்கும்வரை அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போக முடியாது. இரண்டு வீட்டுப் பாவை ஒரே நேரத்தில் நீட்டவும் முடியாது.

"உங்க பாவா?" என்று கேட்டேன்.

"என்னுதுதான். பக்கத்து வூட்டுக்காரங்க நீட்டிக் குடுக்கறாங்க. கை சரியாவற வரைக்கும் தறியிலயும் அவங்க தம்பி உக்காந்துக்கறேன்னு சொல்லிகீறாரு" என்றார். முகத்தில் கவலை இருந்தாலும் கலக்கம் இல்லை.

வெயில் ஏறினால் நூல் காய்ந்து அறும், அதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒரு வீட்டார் நேரத்தை இழுத்துவிட்டால் அடுத்த வீட்டாருக்கு வெயில் வந்துவிடும். "இதுல சண்டை வராதா?" என்று சும்மாதான் கேட்டேன்.

தேவராஜ் சிரித்தார். "இன்னிக்கு நாங்க மொதல்ல, நாளன்னிக்கு அவங்க மொதல்ல. மாத்தி மாத்தித்தான். இன்னிக்கு நான் இழுத்தடிச்சா, அடுத்த முறை அவங்க இழுத்தடிப்பாங்க. என் பாவு காயும். இன்னாத்துக்கு வம்பு?"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். டீச்சர் மண்ணில் போட்ட கட்டம் கண்ணுக்குள் வந்தது. எங்கள் ரூட்டில் காலையில் என்றைக்கும் சிவப்புதான் முன்னால். அது ஏமாற்றினால் பச்சைக்கு இருந்த ஒரே பதில், வேகம். சாயங்காலம் பச்சை ஏமாற்றினால் சிவப்புக்கும் அதே பதில். காலைக் கூட்டம் வேறு, சாயங்காலக் கூட்டம் வேறு; காலையில் போன ஆளைச் சாயங்காலம் திரும்பப் பிடிக்க முடியாது. வேகத்தால்தான் பதில் சொல்ல முடியும் என்று பர்மிட்டே எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஒரு நாள் அவன் முன்னால், மறு நாள் நான் முன்னால் என்று வந்துவிட்டால்? இன்று அவன் தாமதித்து என் ஆட்களை ஏற்றினால், நாளை நான் தாமதித்து அவன் ஆட்களை ஏற்றுவேன். துரத்தவே வேண்டாம். நாளை வரும் என்று இருவருக்கும் தெரிந்தால் போதும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டினார்.

"சாயங்கால முன் டைம் நம்ம பர்மிட்டுய்யா! அதை இன்னாத்துக்கு அவனுக்குத் தூக்கிக் குடுக்கணும்?"

"காலையில அவங்க முன் டைம் நமக்கு வரும்ங்க."

"அவன் குடுப்பானா?"

"கேட்டா குடுக்கமாட்டாருங்க. நாம மொதல்ல குடுத்துட்டுக் கேட்டா ஒருவேளை குடுப்பாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நேரத்தில் கம்பெனி இருந்த நிலை எனக்குத் தெரியும். மல்லாட்டைக் கொல்லைக்குப் பிறகு பெண்டு பிள்ளைகளோடு வருகிறவர்கள் எங்கள் இரண்டு வண்டியையுமே விட்டுவிட்டு, வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். சேலை வியாபாரிகள் மூட்டைகளை ஏற்ற மறுத்தார்கள். அது முதலாளிக்கும் தெரியும். கடைசியில், "ஒரு வாரம் செஞ்சு பாரு. கவுந்துச்சுன்னா மேஜையைக் காலி பண்ணிட்டு வூட்டுக்குப் போயிடு" என்றார்.

பெண்டாட்டியிடம் அன்று எதையும் சொல்லவில்லை.

சிவப்பில் எனக்கு எதிர் ஆள் தாஜுதீன் பாய். எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு டீக்கடைதான் தூரம். முதலாளிகளுக்குள் ஆகாததால் பல வருடமாக எங்களுக்குள்ளும் பேச்சு கிடையாது. மறு நாள் அந்த டீக்கடையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய், சாயங்காலம் திருவண்ணாமலையில உங்க வண்டி முன்னாடி எடுக்கட்டும். ஒரு வாரத்துக்கு."

அவர் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. "பதிலுக்கு இன்னா வேணும்?"

"இந்த வாரம் ஒண்ணும் வேணாம். அடுத்த வாரம் திங்கக்கிழமை காலையில எங்க வண்டி முன்னாடி நிக்கட்டும். அப்பறம் நாளுக்கு ஒருத்தரா மாத்தி மாத்திப் போவலாம். காலையும் சரி, சாயங்காலமும் சரி."

"நான் வாரம் முழுக்க வாங்கிகினு திங்கக்கிழமை இல்லேன்னு சொல்லிட்டா?"

"அப்ப எனக்கு வேலை போவும்."

தாஜுதீன் பாய் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "இதுல இன்னா சூது கீது?" என்று கேட்டார்.

"சூது ஒண்ணும் இல்ல பாய். அந்தப் பாலத்துக்கிட்ட உங்க வண்டி கவுந்திருந்தா நீங்க எப்படித் தூங்கியிருப்பீங்க? நான் இன்னும் சரியாத் தூங்கல."

அவர் காலி கிளாஸைப் பலகையில் வைத்தார். போகும்போது என் டீக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார். அதை நல்ல குறி என்று எடுத்துக்கொள்வதா, வழியனுப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் எனக்கு நரகம். சாயங்காலம் முனுசாமி ராஜா மாதிரி முன்னால் வண்டியை நிறுத்தி, நிதானமாக ஏற்றிக்கொண்டு போனார். பச்சை பாதிக் காலியாக வந்து சேர்ந்தது. கன்னியப்பன் தினமும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று பொரிந்தார்.

"இன்னா மேனேஜர் சார், அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சிகினு போறான்! ஒரே பேஜாரா கீது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உடுங்க, போளூருக்குள்ள புடிச்சிக் காட்டறேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ கன்னியப்பா. அதுக்கப்பறம் நான் இந்த மேஜையில இருந்தா பேசிக்கலாம்."

எதிராளி முதலில் இறங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தால் ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டியதுதான். யாராவது ஒருவர் முதல் அடி வைக்க வேண்டும். அந்த அடி உண்மையாகவே வலிக்க வேண்டும். வலிக்காத விட்டுக்கொடுத்தலை எதிராளி நம்ப மாட்டான். ஆனால் அதற்கு ஓர் எல்லையும் வேண்டும். ஒரு வாரம் என்று நான் சொன்னது அதற்குத்தான். எல்லையில்லாமல் கொடுத்துக்கொண்டே போகிறவனை யாரும் மதிப்பதில்லை.

திங்கட்கிழமை விடியலில் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம். செய்தி எப்படியோ பரவியிருந்தது. டீக்கடைக்காரர், பூக்காரம்மா, இரண்டு கம்பெனி ஷெட் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். சிவப்பு வழக்கம்போல் முன் இடத்தில் நின்றது. முனுசாமி ஸ்டியரிங்கில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். தாஜுதீன் பாயின் மேஜை காலி. அவரைக் காணோம்.

புறப்படும் நேரம் நெருங்கியது. கன்னியப்பன் பச்சைக்குள் உட்கார்ந்து என்னையே பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு சைக்கிள் வேகமாக நுழைந்தது. தாஜுதீன் பாய். சைக்கிளை அப்படியே தரையில் போட்டுவிட்டு, சிவப்பு வண்டியின் பானட்டில் உள்ளங்கையால் தட்டினார்.

"முனுசாமி! பின்னாடி எடு! ஜல்தி!"

"பாய், முதலாளி..."

"முதலாளிகிட்ட பேசிட்டுத்தான் வரேன். எடுய்யா பின்னாடி!"

சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு பின்னால் போனது. பச்சை முன்னால் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டே கைதட்டியது. பூக்காரம்மா கன்னியப்பனின் ஜன்னலில் ஒரு முழம் மல்லியைத் தொங்கவிட்டார். எங்கள் வண்டி நேரம் தவறாமல், ஒரு நிமிடம்கூட ஆடாமல் கிளம்பியது. நான் தாஜுதீன் பாயின் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். அவர் கிட்டே வந்தார். "விடிய விடிய முதலாளிகிட்ட மல்லு கட்டினேன்யா. இப்ப நம்ம ரெண்டு பேர் வேலையும் ஒண்ணாத் தொங்கிகினு கீது. பார்த்துக்கோ."

இரண்டு கம்பெனியும் சேர்ந்து மனுக் கொடுத்து, டைம் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாக உத்தரவும் வாங்கினோம். போட்டிக் கம்பெனிகள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு வந்ததைப் பார்த்து அங்கிருந்த கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நாளில் முனுசாமிக்குப் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. முகூர்த்த நாள், நல்ல கூட்டம். தன் முறையில் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. எங்கள் நேரம் வரும்வரை நின்று, ஸ்டாண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். கன்னியப்பன் கண் சிவக்க எஞ்சினை முறுக்கினார். நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"இன்னிக்கு மெதுவாப் போ. காலி வண்டியா இருந்தாலும் பரவால்ல. நாளைக்கு நாம முன்னாடி."

மறு நாள் நாங்களும் நகரவில்லை. முனுசாமி எவ்வளவு நேரம் நின்றாரோ, அவ்வளவு நேரம் நின்றோம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்னால் அவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். அவருடைய வண்டி காற்றை ஏற்றிக்கொண்டு போனது. தாஜுதீன் பாய் தன் மேஜையிலிருந்து என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். சரிதான் என்கிற மாதிரி.

அதற்கடுத்த நாள் முனுசாமி கடிகாரம் பார்த்து எடுத்தார். எங்கள் முறை வந்தபோது கன்னியப்பன், "இன்னும் ஒரு நாள் அவனை வாட்டலாம் சார். நல்லா புத்தி வரும்" என்றார்.

"வேணாம். அவரு ஒழுங்குக்கு வந்தாச்சு. நீயும் நேரத்துக்கு எடு."

"இன்னா சார் நீங்க!"

"நீ இன்னிக்கு இழுத்தா, அது அவருக்கு நாளைக்கு இழுக்க ஒரு சாக்கு. அப்பறம் இது முடியவே முடியாது."

பிள்ளைகளே, பலருக்கும் கை தவறுவது இந்த இடத்தில்தான். பதிலடி கொடுக்கத் தெரிகிறது. அதே அளவில் கொடுத்து, அங்கேயே நிறுத்தத் தெரிவதில்லை. உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று எதிராளி முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். ஏமாற்றினால் அடுத்த நாளே அடி, திருந்தினால் அடுத்த நாளே மன்னிப்பு. இதில் ரகசியமே கூடாது. வீட்டில் அண்ணன் தம்பி விவகாரத்துக்கும், அலுவலகத்தில் லீவு யாருக்கு என்ற விவகாரத்துக்கும் பிற்பாடு இதையே வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பலித்திருக்கிறது.

மெல்ல மெல்லச் சனம் திரும்பியது. கைக்குழந்தைக்காரிகள் ஏறினார்கள். சேலை வியாபாரிகளின் மூட்டைகள் மறுபடி எங்கள் கூரைக்கு வந்தன. தேவராஜ் மாவுக்கட்டைப் பிரித்து, முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று எங்கள் ஆபீசுக்கே வந்து கையை மடக்கி நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். பெரணமல்லூர் ரூட்டில் மோதிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து எங்களிடம் விவரம் கேட்டுக்கொண்டு போனார்கள். சரோஜா டீச்சரிடம் நடந்ததையெல்லாம் சொன்னபோது, அவர் இரண்டு ஸ்டாப் தூரத்துக்குக் கேள்வியாகக் கேட்டு, "நாளைக்கு கிளாஸ்ல இதைத்தான் சொல்லப்போறேன்" என்று முகம் மலர இறங்கினார்.

ஆனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தது அந்த வருடத் தீபத்தன்றுதான்.

தீபத்தன்று திருவண்ணாமலைச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூரையெல்லாம் ஆள். எந்த வண்டி முந்துகிறதோ அதற்கு அள்ள அள்ள வசூல். ஒரு நாள் வசூல் ஒரு மாதத்துக்கு ஈடாகும். அன்றைக்கு மட்டும் உடன்பாடு உடையும் என்று ஷெட்டில் பந்தயமே கட்டியிருந்தார்கள். மலையில் தீபம் ஏற்றுவதற்கு முன் வந்து சேர வேண்டிய கடைசி டிரிப்பில் சிவப்பு முன்னால், பச்சை பின்னால். தாஜுதீன் பாயும் நானும் திருவண்ணாமலையில் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றோம்.

நேரம் ஆகிவிட்டது. இரண்டு வண்டியையும் காணோம்.

"முந்தறேன்னு எங்கனா..." என்று பாய் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். எனக்கும் அந்தப் பாலம்தான் கண் முன்னால் நின்றது. மற்ற ஊர் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. இருவரும் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருட்ட ஆரம்பித்தது. மலை உச்சியில் சட்டென்று தீபம் எழுந்தது. ஊர் முழுவதும் ஒரே குரலாக "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் சிவப்பு வண்டி திருப்பத்தில் தெரிந்தது. அதற்குப் பின்னால், ஒரு வண்டி இடைவெளி விட்டு, பச்சை. இரண்டின் கூரையிலும் ஆட்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள்.

பச்சையிலிருந்து முதலில் இறங்கிய ஒரு பெரியவர், மேனேஜர் யார் என்று விசாரித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாங்க உங்க டிரைவரு, லூசா? கலசப்பாக்கம் தாண்டி அந்தச் சிவப்பு வண்டி பஞ்சராகி நிக்குது. நம்ம வண்டி பாட்டுக்கு முன்னாடி வந்திருந்தா தீபத்துக்கு முன்னாடியே இங்க வந்து சேந்திருப்போம். இந்த ஆளு வண்டியை நிறுத்திட்டு எறங்கிப்போயி, அவனோட சேந்து டயரை மாத்தறாரு! அதுவாவது போவட்டும். மாத்தி முடிச்சப்புறமாவது முன்னாடி எடுக்கவேண்டியதுதானே? கைகாட்டி அவனை முன்னாடி போவச் சொல்லிட்டு, பின்னாடியே உருட்டிகினு வராரு! வண்டியே கூச்சல் போட்டுச்சு, முந்துய்யா முந்துய்யான்னு. அசையலையே!"

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாரு? 'இன்னிக்கு முன்னாடி அவன் முறை'ன்னாரு."